பக்கத்து ஊட்டு உரப்பை

சந்தேகப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது. நாம் ஒருவர்தான் விழித்துக்கொண்டிருக்கிறோம், ஊர் உலகமெல்லாம் நம்மை ஏமாற்றத்தான் காத்திருக்கிறது என்று ஒரு மிதப்பு வரும். இத்தனை பேர் வேலைவெட்டியை விட்டுவிட்டு ஏமாற்றுகிற அளவுக்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்ற கேள்வி மட்டும் வராது. வந்தால் சுகம் போய்விடும்.

இருபத்தைந்து வயதில் நான் அந்தச் சுகத்தில் கழுத்தளவு கிடந்தேன். பேளுக்குறிச்சி சந்தையில் மிளகு வாங்கினால் குவியலின் அடியிலிருந்து எடுத்துக் கடித்துப் பார்ப்பேன். டீக்கடையில் டீ சீக்கிரம் வந்துவிட்டால், வேறு யாருக்கோ போட்டு அவர் வேண்டாமென்ற டீயோ என்று விசாரிப்பேன். பி.காம். வேறு படித்திருந்தேன். சந்தேகத்துக்கு ஒரு பட்டமும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டுமா?

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்த சமயம். ராசிபுரத்தைத் தாண்டி ஒரு பிளாஸ்டிக் மில் இருந்தது. பழைய கவர்களைக் கழுவி, உருக்கி, குருணையாக்கி, அதையே மறுபடியும் பையாக ஊதுகிற மில். அப்போது எல்லோருக்கும் பை வேண்டியிருந்தது. நாற்றுப் பண்ணைக்காரருக்குக் கறுப்புப் பை, மளிகைக் கடைக்காரருக்குக் கேரி பேக், சேகோ மில்காரருக்கு ஜவ்வரிசி மூட்டைக்குள் போடுகிற உறை. புதுக் குருணையின் விலை ஏற ஏறப் பழைய கவருக்குக் கிராக்கி ஏறியது. மலைக்குக் கீழே, கீழ்நாட்டில், காயலான் கடைக்காரர்கள் ஒரு மூட்டை பால் கவருக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கொல்லிமலை மேலே நிலைமை தலைகீழ். முன்பெல்லாம் பேப்பரில் மடித்துக் கொடுத்த சாமான் எல்லாம் அப்போதுதான் கவருக்கு மாறியிருந்தது. அருவிக்குக் குளிக்க வருகிறவர்கள் தின்றதன் மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். பொறுக்க ஆளில்லை. மேலே குப்பை கேட்பாரற்றுக் கிடக்கிறது, கீழே குப்பைக்கு அடிதடி. நடுவில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளின் இரண்டு முனையும் தெரிந்த ஒரே அறிவாளி நான்தான் என்று எனக்குத் தோன்றியது.

மில் முதலாளியைப் போய்ப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் ஒரு முறை வாசலை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிற மனிதர்.

"எவ்வளவு கொண்டாந்தாலும் எடுத்துக்கறேன் தம்பி. பால் கவரு, கேரி பேக்கு, உர மூட்டைக்குள்ள இருக்கற பை, இது மட்டும். பிஸ்கட் கவரு, சிப்ஸ் கவரெல்லாம் உருகாது, கொண்டாராதீங்க. எல்லாம் காஞ்சிருக்கோணும்." வாசலைப் பார்த்தார். "இன்னொண்ணு. சரக்கு இந்த மில்லுக்குத்தான் போகுதுன்னு வெளிய மூச்சு விடப்படாது."

எனக்கு அவரை உடனே பிடித்துப்போய்விட்டது. போட்டிக்காரன் யாரும் மோப்பம் பிடித்து என் தொழிலைக் கெடுத்துவிடக் கூடாது என்று எனக்காகக் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். (யாரையும் நம்பாத நான் வாழ்க்கையில் முதல்முதலாக நம்பிய ஆள் அவர்தான். என் ராசி அப்படி.)

வேன் என் அம்மாவின் தம்பி வேலு மாமாவுடையது. மாமா நல்லவர். ஆனால் ஒரு விஷயம் அவர் வயிற்றில் தங்குவது, சோடா பாட்டிலைத் திறந்த பிறகு உள்ளே காற்று தங்குகிற மாதிரிதான். வேன் ஓட்டுவதோடு அப்போது எனக்குப் பெண் பார்க்கிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டிருந்தார். பெரியசாமி என்று ஒருவர், சின்னதாகச் சேகோ மில் வைத்திருந்தார், ஒரே பெண். மாமா அவரிடம் போய், "எங்க பையன் பேக்கேஜிங் லைன்ல இருக்கானுங்க" என்று கெத்தாகச் சொல்லியிருக்கிறார். எந்தக் கம்பெனி என்று கேட்டதும், அங்கே சரக்கு சப்ளை செய்கிறான் என்று மில் பெயரையும் கக்கிவிட்டார்.

"அட, அங்கதானுங்க நானும் பை வாங்கறேன். ஒரு எட்டுப் போயி மாப்பிள்ளையப் பத்தி விசாரிச்சுப்போட்டுச் சொல்றனுங்க" என்றிருக்கிறார் பெரியசாமி.

இதை மாமா என்னிடம் சொல்லவில்லை. வெளியே சொல்லக் கூடாத ஒரே விஷயத்தை வெளியே சொல்லிவிட்டோமே என்ற பயம். பெரியசாமியை நான் அதுவரை பார்த்ததும் இல்லை. மீசை பெரிது, அம்பாசடரில்தான் வருவார் என்று மாமா சொல்லிக் கேட்டதோடு சரி.

மலைமேல் செம்மேட்டில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தேன். குண்டனி நாட்டுப் பக்கம் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) வேனை ஓட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு ஊரிலும் நின்று, பழைய கவருக்குக் காசு என்று கூவினேன். முதல் நாள் யாரும் கிட்டே வரவில்லை. குழந்தைகளை வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டார்கள். அடுத்த முறை செல்லம்மா என்பவர் ஒரு சாக்கோடு வந்தார். மிளகும் மரவள்ளியும் போட்டிருந்த விவசாயி. எதைப் பார்த்தாலும் அதன் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிற கண்கள்.

சாக்கைக் கொட்டினேன். பிஸ்கட் கவர்களை ஒதுக்கினேன். அழுக்கேறிய உரப்பையை ஆசையோடு எடுத்து வைத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, பளபளன்னு இருக்கறத வேண்டாங்கறீங்க. இந்த ஓட்டை உரப்பையப் போயி வேணுங்கறீங்க?"

"அது அப்படித்தானுங்க."

"எதுக்குங்க?"

"அது தொழில் ரகசியமுங்க" என்று முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன். பிறகு, வியாபாரத்தில் கொஞ்சம் சுமுகமும் வேண்டுமே என்று, "உங்களுக்கு எத்தன ஏக்கருங்க வெள்ளாமை? இந்த வருசம் எத்தன மூட்டை உரம் போட்டீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

செல்லம்மாவின் முகம் மூடிக்கொண்டது. உரப்பையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது எங்களதில்லீங்க. பக்கத்து ஊட்டு உரப்பை."

பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கேயும் ஒரு கட்டு கிடைத்தது. "இது எங்களதில்லீங்க. அந்தப் பக்கத்து ஊட்டுது." அந்தப் பக்கத்து வீட்டிலும் அதே பதில். அடுத்த ஊரிலும் அதே கதை. பால் கவரை எல்லோரும் சொந்தம் என்று ஒத்துக்கொண்டார்கள். உரப்பை மட்டும் யாருடையதும் இல்லை.

வேறு ஒரு ஆளாக இருந்தால், இதில் ஏதோ பயம் இருக்கிறது, என்னவென்று கேட்போம் என்று நினைத்திருப்பான். நான் பி.காம். ஆயிற்றே. மொத்த நாடும் ஒருத்தர் வீட்டுக் குப்பையை இன்னொருத்தர் திருடி எனக்கு விற்கிறது என்று முடிவு கட்டினேன். திருட்டுக் குப்பை வாங்கிய குற்றத்துக்கு எந்தச் சட்டத்தில் உள்ளே போடுவார்கள் என்று மாமாவிடம் கவலையாகக் கேட்டேன். மாமா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

ஒரு லோடு மில்லுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுபடியும் கொட்டகை நிறைந்தது. மூட்டைகளைத் தூக்கிப் பார்த்தால் கனம். எடைக்காகத் தண்ணீர் தெளித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று எனக்கு ஆத்திரம். (மலையில் மழை பெய்யும், வெளியே கிடக்கிற கவரில் மழைத்தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் பட்டப்படிப்பில் வரவில்லை.) அத்தனையையும் கொட்டகைக்கு மேற்புறம் இருந்த பாறையில் பரப்பிக் காயவைத்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. நான் நிழலில் உட்கார்ந்து, யாராவது வந்து ஒரு கவரை எடுக்கிறார்களா என்று காவல் காத்தேன்.

ஆள் யாரும் வரவில்லை. காற்று வந்தது.

முதலில் ஒரு பால் கவர் மெல்ல எழுந்து நின்றது. பிறகு பக்கத்தில் இருந்தது. அப்புறம் பாறை முழுவதும் கிளம்பிவிட்டது. வெள்ளை, நீலம், பச்சை என்று என் மூலதனம் கூட்டம் கூட்டமாகப் பறந்து, பள்ளத்தில் இருந்த சில்வர் ஓக் மரங்களில் போய் உட்கார்ந்தது. மலையடிவாரத்திலிருந்து பார்த்திருந்தால் ஏதோ திருவிழாவுக்குத் தோரணம் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

"புடிங்க! புடிங்க!" என்று கத்திக்கொண்டு பள்ளத்தில் ஓடினேன். களையெடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு மரத்தின் உச்சியில் பெரிய உரப்பை ஒன்று சிக்கி, கொடி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அதை விட மனமில்லை. மரத்தில் ஏறினேன். மரத்தைப் பற்றிப் படர்ந்திருந்த மிளகுக் கொடியைப் பிடித்து ஏறினேன் என்பதுதான் சரி. கொடி பாதியில் அறுந்து, கொத்துக் கொத்தாகப் பச்சை மிளகோடு கீழே விழுந்தது. நான் கிளையைக் கட்டிக்கொண்டு தொங்கினேன்.

கீழே செல்லம்மா நின்றார். அந்தப் பள்ளத்துத் தோட்டமும் கொடியும் அவருடையவை.

"அதை உட்டுப்போட்டு எறங்குங்க சாமி!"

"முடியாதுங்க!"

"அப்படி அதுக்குள்ள என்னங்க இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க! ஒண்ணுமே இல்லீங்க!" என்று சொல்லிக்கொண்டே உரப்பையைப் பறித்துச் சட்டைக்குள் திணித்துக்கொண்டேன்.

அதற்குள் ஒரு ஊரே கூடியிருந்தது. ஒன்றுமே இல்லாத ஒரு பையை, உயிரைப் பணயம் வைத்து, சட்டைக்குள் ஒளிக்கிறவனைப் பார்த்து அவர்கள் என்ன நினைத்திருக்க வேண்டுமோ அதைத்தான் நினைத்தார்கள்.

பறந்ததையெல்லாம் பொறுக்கி மூட்டை கட்டிக் கொட்டகையில் போட்ட கையோடு, ஊர்க்கவுண்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆட்கள். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். (அந்த நிலையிலும் இதை உருக்கினால் என்ன தேறும் என்று ஒரு கணம் நினைத்தேன்.) அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"குப்பைக்குக் காசு குடுக்கறீங்க. அதுலயும் உரப்பைன்னா ஓடியாந்து எடுக்கறீங்க. எத்தன ஏக்கரு, எத்தன மூட்டைன்னு வெசாரிக்கறீங்க. எதுக்குன்னு கேட்டா ரகசியங்கறீங்க. நேராவே கேக்கறேன் கண்ணு, நீங்க ஃபாரஸ்ட்டு ஆளா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. காட்டை ஒட்டிய நிலம் அவர்களுடையது. தாத்தன் காலத்திலிருந்து சாமையும் தினையும் விதைக்கிற மண். அதில் எல்லை எங்கே போகிறது என்பது எப்போதும் ஒரு பயம். உரப்பையை எண்ணிப் பார்த்து, யார் எவ்வளவு நிலத்தில் பயிர் வைக்கிறார்கள் என்று கணக்கெடுக்க யாரோ என்னை அனுப்பியிருக்கிறார்கள் என்று குண்டனி நாடு முழுவதும் பேச்சு. பக்கத்து ஊட்டு உரப்பையின் ரகசியம் அதுதான். சிரிப்பு வந்தது. சுற்றி நின்ற முகங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அங்கே யாரும் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"சத்தியமா இல்லீங்க. இதைய உருக்கிப் பை செய்யறாங்க, அவ்வளவுதானுங்க."

செல்லம்மா கேட்டார். "பைய உருக்கிப் பை செய்யறாங்களா?"

"ஆமாங்க."

"அதுக்கு இருக்கற பையையே வெச்சுக்கலாமல்லங்க?"

இந்தக் கேள்வியும் பி.காமில் வரவில்லை.

"எங்க செய்யறாங்கன்னு காட்டுங்க" என்றார் ஊர்க்கவுண்டர். "கண்ணால பாத்துட்டா நாங்க நம்பிக்கறோம். அதுவரைக்கும் கொட்டகை பூட்டியே இருக்கட்டும்."

மில்லைக் காட்டாவிட்டால் சரக்கு போச்சு. காட்டினால் முதலாளிக்குக் கொடுத்த வாக்கு போச்சு. கடைசியில் சரக்கு ஜெயித்தது.

மறுநாள் காலை வேன் கிளம்பியது. பின்னால் ஊர்க்கவுண்டரே பூட்டைத் திறந்து ஏற்றவிட்ட மூட்டைகள், மூட்டைகள் மேல் அவரும் ஊர்க்காரர்களும். முன்னால் மாமாவுக்கும் எனக்கும் நடுவில் செல்லம்மா. கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றும் என்று சொல்லி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். நேரான ரோட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை.

எனக்கோ புதுச் சந்தேகம் முளைத்துவிட்டது. இவர்கள் வழியைப் பார்த்து வைத்துக்கொண்டு, நாளைக்கு நேராக மில்லிலேயே போட்டுவிட்டால் நான் எதற்கு? மாமாவின் காதில் கிசுகிசுத்தேன். சுற்று வழியில் போங்க மாமா, அடையாளம் தெரியக் கூடாது. மாமா தலையில் அடித்துக்கொண்டு, வாழைத்தோட்டத்து வழியில் திருப்பி, ஏரிக்கரையில் ஏறி, ஒரு வட்டம் அடித்தார்.

"ஏனுங்க, இந்தப் பெட்ரோல் பங்க்கு முன்னாடியே வந்துச்சல்ல?" என்றார் செல்லம்மா.

"இது வேறீங்க. கீழ்நாட்டுல எல்லாப் பங்க்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்."

இன்னொரு வட்டம்.

"நாயுமா ஒரே மாதிரி இருக்கும்? அதே நாயி, அதே எடத்துல படுத்திருக்குது."

பின்னாலிருந்து ஊர்க்கவுண்டர் வேனின் தகட்டைத் தட்டினார். "தம்பி, எங்களக் கடத்திக் கொண்டுபோறதுன்னா சொல்லிப்போடுங்க. ஊட்டுல சொல்லிட்டு வரல."

மாமா நேர் வழிக்கு வந்துவிட்டார்.

மில் வாசலில் ஒரு பழைய அம்பாசடர் கார் நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் மாமாவின் முகம் வெளுத்தது. "நான் வண்டியிலயே இருக்கறேன்" என்று ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார். அது பெரியசாமியின் கார். என்னைப் பற்றி விசாரிக்க அவர் அன்றைக்குத்தான் வந்திருந்தார். உள்ளே நடந்ததைப் பிறகு அவர் வாயாலேயே கேட்டேன். எங்க மாப்பிள்ளைப் பையன் உங்களுக்குச் சரக்கு சப்ளை பண்றாராமே என்று அவர் கேட்க, முதலாளி ஆடிப்போயிருக்கிறார். ஏனென்றால் பெரியசாமிக்கு அவர் வருடக்கணக்காகப் புதுப் பிளாஸ்டிக் பை என்று சொல்லித்தான் விற்றுக்கொண்டிருந்தார். வெளியே மூச்சு விடாதே என்று என்னிடம் சொன்னது போட்டிக்காரருக்குப் பயந்து அல்ல, வாங்குகிறவருக்குப் பயந்து. "வெளிச் சரக்கா? நம்ம மில்லுலயா? பம்பாயில இருந்து வர்ற புதுக் குருணை மட்டும்தானுங்க. அப்படி ஒரு பையன எனக்குத் தெரியவே தெரியாதுங்க" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, கேட்டுக்கு வெளியே நான் ஒரு வேன் நிறையப் பழைய கவரோடும் மலை ஜனத்தோடும் வந்து இறங்கினேன்.

முதலாளி ஓடிவந்து கேட்டைப் பாதி சாத்திக்கொண்டு நின்றார்.

"யாருங்க நீங்க? எதுக்குக் கூட்டம் போடறீங்க?"

"ஏனுங்க, நான்தானுங்க" என்றேன்.

"எந்த நான்?"

மலைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர்க்கவுண்டர் பெருமூச்சு விட்டார். செல்லம்மா என் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பெரிய மீசையோடு ஒருவர் முதலாளியின் பின்னால் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்தேன்.

அந்த நொடியில் எனக்குள் இருந்த பி.காம். வெடித்தது. கேட்டுக்குள் கையை விட்டு, அடுக்கி வைத்திருந்த கட்டிலிருந்து ஒரு பையை உருவி, அந்த மீசைக்காரரைப் பார்த்துக் கத்தினேன்.

"ஐயா! நீங்களும் ஏமாறாதீங்க! புதுசுன்னு சொல்லி இவரு உங்களுக்குக் குடுக்கறது பூராவும் குப்பைங்க! கொல்லிமலைக் குப்பை! எல்லாம் நானே பொறுக்குனது! பாறையில காயப்போட்டது! ஒரு பைக்காக மரத்துல ஏறித் தொங்கியிருக்கறேனுங்க!"

வேனிலிருந்து ஹாரன் அடித்தது. மாமா எனக்கு ஆதரவு தெரிவிக்கிறார் என்று நினைத்து இன்னும் சத்தம் போட்டேன்.

"மோந்து பாருங்க ஐயா! உர வாசம் அடிக்கும்! மாட்டுக் கொட்டாயில கெடந்த பை, பள்ளத்துல கெடந்த பை, எல்லாம் இதுக்குள்ள இருக்குது! என்னைத் தெரியாதுங்கறாரே, நான் இல்லாட்டி இந்த மில்லே இல்லீங்க!"

ஹாரன் விடாமல் அலறியது.

மீசைக்காரர் பையை வாங்கி நிதானமாக முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். பிறகு முதலாளியைப் பார்த்து, "உள்ள காட்டுங்க" என்றார். கேட்டைச் சாத்த முதலாளிக்கு வழியில்லை, ஏனென்றால் ஊர்க்கவுண்டரும் மற்றவர்களும் ஏற்கெனவே உள்ளே போய்விட்டிருந்தார்கள்.

கொட்டகையின் பின்புறம் பழைய கவர் மலையாகக் குவிந்திருந்தது. தொட்டியில் பால் கவர்கள் மிதந்தன. மெஷின் ஒன்று குருணையை உருக்கி, பெரிய பலூன் மாதிரி மேலே மேலே ஊதிக்கொண்டிருந்தது. அது மடிந்து, சுருண்டு, வெட்டுப்பட்டு, பையாக விழுந்தது. மலைக்காரர்கள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நெசமாலுமே பைதான் செய்யறாங்க" என்றார் ஊர்க்கவுண்டர். இத்தனை நாள் பயந்ததற்குக் கடைசியில் இவ்வளவுதானா என்று அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. பிறகு முகம் தளர்ந்து சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். யாருடைய நிலமும் போகப்போவதில்லை. அன்றைக்கு அந்த மில்லில் நிம்மதியாக இருந்தவர்கள் அவர்கள்தான்.

செல்லம்மா மட்டும் மெஷினைப் பார்க்கவில்லை. மீசைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களத் தெரியுமுங்க. எங்க மரவள்ளிக் கெழங்குல மாவுச்சத்து பாயிண்ட்டு கொறையுது, மண்ணு இருக்குதுன்னு சொல்லி வெலையக் கழிச்ச சேகோ மில்லுக்காரரு நீங்கதானுங்களே?"

"அது... மெசின் சொல்ற பாயிண்ட்டுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"அந்த மெசினையும் ஒரு நாளைக்கு வந்து பாக்கோணுமுங்க."

சேகோ மில் என்ற சொல் என் காதில் விழுந்தது. பெரிய மீசை. அம்பாசடர் கார். மாமாவின் ஹாரன். எல்லாம் மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. அதற்குள் அவர் என் பக்கம் திரும்பிவிட்டார்.

"தம்பி பேரு என்னங்க?"

"தங்கராசுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"பேளுக்குறிச்சியா?"

"ஆமாங்க."

பெரியசாமி பக்கத்தில் இருந்த பைக்கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டார். "பேக்கேஜிங் லைனு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பிறகு அங்கே நடந்த வியாபாரம் முழுவதும் என் கண் முன்னால், என்னை விட்டுவிட்டு நடந்தது. ரகசியம் உடைந்துபோனதால் முதலாளிக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை. பழைய கவர் என்று தெரிந்ததால் பெரியசாமி பையின் விலையை அங்கேயே குறைக்க வைத்தார். விலை குறைந்ததால் முதலாளிக்குச் சரக்கு மலிவாக வேண்டியிருந்தது. "நடுவுல இந்தத் தம்பி எதுக்குங்க? நாங்களே கொண்டாந்து போட்டுக்கறோம்" என்றார் செல்லம்மா. நான் பயந்தபடியே நடந்தது. வித்தியாசம், யாரும் வழியை மனப்பாடம் செய்து திருடவில்லை. நானே வேனில் ஏற்றிக்கொண்டு வந்து காட்டியிருந்தேன். வேன் வாடகைக்கு வருமா என்று கேட்டார்கள். மாமா ஸ்டியரிங்குக்குக் கீழேயிருந்து தலையை நீட்டி, "வருமுங்க!" என்றார்.

அறுந்த மிளகுக் கொடிக்குப் பதிலாக என் சரக்கைச் செல்லம்மா எடுத்துக்கொண்டார். டவுன் பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். அன்றைக்கு டீக்கடையில் டீ சீக்கிரம் வந்தது. ஒன்றும் கேட்காமல் குடித்தேன்.

சம்பந்தம் முறிந்தது என்று வீட்டில் எல்லோரும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தபோது, பெரியசாமியிடமிருந்து ஆள் வந்தது. பெண் பார்க்க வரச் சொல்லி. மாமாவால் நம்ப முடியவில்லை. நேரிலேயே போய்க் கேட்டுவிட்டார், எங்க பையன்கிட்ட என்னத்தைப் பாத்தீங்க என்று.

"என்னத்தப் பாத்தேனா? பத்து பேரு முன்னால, பொண்ணு குடுக்க வந்தவன்னு தெரியாம, என்கிட்டயே அத்தனையும் கக்கிப்போட்டானுங்க. இவனுக்கு ஒண்ணை ஒளிச்சு வெக்கவே வராது. நாளைக்கு எம்பொண்ணுகிட்ட ஒரு பொய் சொன்னான்னா அன்னிக்குப் பொழுதுக்குள்ள மாட்டிக்குவான். எனக்கு அது போதுமுங்க."

என்னை விடப் பெரிய சந்தேகக்காரர் ஒருவரிடம் நான் மாப்பிள்ளையாகப் போய்ச் சேர்ந்த கதை இதுதான். என் மனைவி சாந்தியிடமும் அவள் அப்பாவின் மூக்கு அப்படியே இருக்கிறது. மாமனாரின் மில்லில் கிழங்கு லோடு பார்க்கிற வேலையில் சேர்ந்தேன். செல்லம்மா சொன்னபடியே அந்த மெசினைப் பார்க்க வந்தார். பக்கத்தில் நின்று, முள் எங்கே நிற்கிறது என்று கண்ணை இடுக்கிப் பார்த்தார். அன்றிலிருந்து குண்டனி நாட்டுக் கிழங்குக்குப் பாயிண்ட் குறைவதே இல்லை. மெசின் திருந்திவிட்டது.

எல்லாம் சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் என் மாமனார் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை வாங்குகிற பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். மலிவாகப் படிந்த மில் ஒன்று கையில் இருக்கும்போது மஞ்சத் துணிப்பைக்கு எதற்குச் செலவு என்று நினைத்துவிட்டார். எங்கள் இருவர் பெயரும் அச்சடித்த, புகை நிறப் பிளாஸ்டிக் பைகள் மூட்டையாக வந்து இறங்கின. ஆடி மாதம் போல் காற்று, மண்டபத்தில் கூட்டம், நல்ல வெக்கை. பந்தி முடிந்து பையை வாங்கிய முதல் ஆள் தேங்காயை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தார். அடுத்தவர் பையையே முகர்ந்தார். மூன்றாவது ஆள் என்னை முகர்ந்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. வெற்றிலையில் யூரியா வாசம் அடிக்கிறது என்று யாரோ சொல்ல, எங்க மலைப் பைதானுங்க, கூச்சப்படாம வாங்கிக்குங்க என்று மேடைக்குக் கீழேயிருந்து செல்லம்மா உரக்கச் சொன்னார். வேலு மாமா விழுந்து விழுந்து சிரித்தார். வீடியோவில் அது பதிவாகியிருக்கிறது.

இத்தனை வருடம் ஆகியும் எங்கள் வீட்டு விசேஷத்தில் கொடுக்கிற எதையும் எங்கள் சொந்தக்காரர்கள் நேராகக் கைக்கு வாங்குவதில்லை. முதலில் மூக்குக்குப் போகும், பிறகுதான் மடிக்குப் போகும். போன மாதம் மகளின் சீருக்குப் புத்தம்புதுத் துணிப்பை வாங்கி, நானே துவைத்து, வெயிலில் காயவைத்துக் கொடுத்தேன். வரிசையில் வந்த என் பெரிய அத்தை பையை இரண்டு கையாலும் ஏந்தி, முகத்துக்குக் கொண்டுபோய், நன்றாக இழுத்து முகர்ந்தார்.

"அத்தை, துணிதானுங்க" என்றேன்.

"தெரியுது கண்ணு" என்றார் அவர். "எதுக்கும் ஒருக்காப் பாத்துக்கலாம்னுதான்."